அயோவாவில் தேத்தண்ணி மணம்

கண்டியில் ரியால்தீன் நானா
நாலாய் மடித்து நீட்டினார் அயோவாவை.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு என்றார்.
கையால் பூசிய நிறம் என்றார்.
ஒன்பதாயிரத்தில் ஒரு சதமும் குறையாது என்றார்.
குறைத்தார்.

கினிகத்தேனையில் மழை.
ஷட்டர் இறங்காத பஸ் ஜன்னல்.
ஒரு மாநிலத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
ஹட்டன் வரை கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

எது வாங்கினாலும் முதலில் முகர்வேன்.
பத்தொன்பது வருடமாய்த்
தொழிற்சாலையில் தூள் தரம் பிரிக்கிற மூக்கு.
பழைய தாளுக்கு ஒரு மணம் உண்டு,
நனைந்து காய்ந்த சாக்கு, அதன் அடியில் கொஞ்சம் இனிப்பு.
இது அது இல்லை.
நாக்கு நுனியால்
மிசூரி ஆற்றங்கரையைத் தொட்டேன்.
கசப்பு. பிறகு துவர்ப்பு.
டஸ்ட், நம்பர் ஒன்று.
அதுவும் கீழ்நாட்டுத் தூள்,
எங்கள் மலையுடையதுகூட இல்லை.

புவனலோசனி சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் காம்பிராவில் ரேடியோவைக் குறைத்தார்கள்.
"நாலரை நாள் சம்பளத்துக்கு
வெறுந்தேத்தண்ணியா?"

மற்ற ஆறும் அசல்.
கட்டிலுக்கடியில், தேயிலைப் பெட்டியில், ஈயத்தாளுக்குள்,
நாப்தலின் உருண்டையோடும் ஒரு பிடி வறுத்த அரிசியோடும்.
அப்படியும் போன டிசம்பரில் மூடுபனி உள்ளே போய்
பென்சில்வேனியாவின் வடக்கில் பூஞ்சணம்.

முதலாவது, பெரிய பங்களாவை
ஹோட்டலாக்கிய வருடம் குப்பையில் கிடைத்தது.
தலைப்பைப் பார்த்து
இந்தியா என்று நினைத்துத்தான் எடுத்தேன்.
லயத்துக்கு வந்து விளக்கடியில் பார்த்தால்
ஒரு 'னா' அதிகம்.

இந்தியானாவில் ஒரு கவுண்டி.
சதுரம் சதுரமாய் நிலம்,
சதுரத்துக்குள் எறும்பெழுத்தில் ஆள்:
ஜே. ஹாப்ளிட்ஸ், நாற்பது ஏக்கர்.
விதவை கிரிம்ஷா, பதினாறு.
அவள் வீடு ஒரு கறுப்புப் புள்ளி.
எத்தனை ராத்திரி அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறேன்,
கதவு எந்தப் பக்கம் என்று.

எங்கள் தோட்டத்துப் படமும்
ஆபீஸ் சுவரில் தொங்குகிறது.
மலைகளுக்கு நம்பர் உண்டு.
லயத்துக்கு ஒரு நீளக் கோடு.
எனக்கு வரும் கடிதத்தில்
தோட்டம், டிவிஷன், என் பெயர்,
பிறகு அப்பா பெயர்,
மேல் டிவிஷனில் இன்னொரு சிங்கமுத்து இருப்பதால்.

இதைச் சொல்லித்தான் ரொம்ப நாள்
கிரிம்ஷா மேல் பொறாமைப்பட்டேன்.
அப்புறம் ஒரு லென்ஸ் வாங்கினேன்.
அவள் வேலியோரம் ஓர் ஓடை.
ஓடையின் பெயர் இந்தியன் ஓடை.
அந்த இந்தியர் ஒருவருக்கும்
படம் முழுக்கத் தேடியும் சதுரம் இல்லை,
புள்ளி இல்லை,
தண்ணீரில் மட்டும் பெயர்.
என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலும்
இனம் என்ற இடத்தில்
அந்தச் சொல் உண்டு.
லென்சைத் துடைத்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

பொய் அயோவாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை.
இரண்டு பஸ் மாற வேண்டும்.
நாக்கு பட்ட இடம் வெளுத்துக் கிடந்தது.
புவனலோசனி பிள்ளையின் பென்சிலை எடுத்து
அங்கே ஒரு புள்ளி வைத்தாள்.
பக்கத்தில் தன் பெயர். ஏழு பேர்ச்.
"கிறுக்காதே, விலை போகாது" என்றேன்.
"என்ன விலை?" என்றாள்.
நாற்பது ஏக்கருக்கு எத்தனை பேர்ச் என்று கேட்டாள்.
ஆறாயிரத்து நானூறு.
கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.
ஏழை அழிக்கவில்லை.
பின்பக்கம் கக்கூசுக்கு இன்னொரு சின்னப் புள்ளி வைத்தாள்.

நேற்று ரியால்தீன் நானா போன் எடுத்தார்.
மின்னசோட்டா வந்திருக்கிறதாம்,
அதே ஐம்பத்தேழாம் வருடம்.
"தேத்தண்ணியா நானா?"
"சீ, கோப்பி!"

காலம் பிசகவில்லை.
அந்த வருடம் இந்த மலையிலும்
கோப்பிதான்.